பைலட் வேலை: வடசென்னை வீட்டிலிருந்து கணக்குப் போட்டால்

"இண்டிகோவா, ஏர் இந்தியாவா, இல்ல நேரா துபாய்க்கே போயிடலாமாண்ணா? எதுல சம்பளம் ஜாஸ்தி?"

காலடிப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் பைலட் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான். கூடவே நிற்கும் அப்பா அம்மாவும் அதையேதான் கேட்கிறார்கள். சம்பளம் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் அவர்கள் நினைக்கும் அளவுக்கு வேறுபடுவதில்லை. வாழ்க்கைதான் வேறுபடுகிறது. அதே ஏ320 விமானம், தோளில் அதே கோடுகள். ஒருவர் மாதத்தில் பாதிக்கு மேல் சொந்த வீட்டில் படுக்கிறார். இன்னொருவருடைய பெட்டி கட்டிலுக்குக் கீழே போவதே இல்லை.

நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன். முதலில் ஏடிஆர் என்ற சிறிய காற்றாடி விமானம் ஓட்டினேன், இப்போது ஏ320. அப்பா ராயபுரம் லோகோ ஷெட்டில் ரயில் ஓட்டுநராக இருந்தவர். அதனால் ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) வாழ்க்கை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. ரயில்வே ரன்னிங் ஸ்டாஃப் குடும்பங்களில் சம்பளத்தை யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். "எந்த லிங்க்?" என்றுதான் கேட்பார்கள். லிங்க் என்ற டியூட்டிச் சுழற்சி தெரிந்தால் எத்தனை ராத்திரி வெளியூர் ரன்னிங் ரூம், எத்தனை ராத்திரி வீடு, பண்டிகைக்கு ஆள் இருப்பாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். விமான நிறுவனங்களையும் அப்படித்தான் அளக்க வேண்டும். வடசென்னையில் வீடும் வயதான பெற்றோரும் கடனும் உள்ள ஒருவருக்கு எந்த வேலை எப்படி அமையும் என்று மட்டும் இங்கே பார்க்கிறேன்.

கடன்தான் முதல் எதிர்க்கட்சி

பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல். இவை முடிந்தால் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) கிடைக்கும். இந்தியாவில் இதற்கு 50 லட்சத்துக்கு மேல் ஆகிறது. அதன் மேல் குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் சேர வேண்டும். நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் மொத்தச் செலவு கோடியைத் தொடும். ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில் நுழைவுத் தேர்வு எழுதி இடம் பிடித்தால் கட்டணம் கொஞ்சம் குறைவு, போட்டி அதிகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 80 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை. மாதம் 1,10,000 ரூபாய் கட்ட வேண்டும். புதிய ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு (துணை விமானிக்கு) மாதம் 2 லட்சம் என்று வைத்தால், 2025-26-ன் புதிய வரிமுறைப்படி மாதத்துக்குச் சுமார் 24,000 வரிக்குப் போகும். பிஎஃப் பிடிப்பதற்கு முன்பே கையில் நிற்பது 66,000 ரூபாய்க்குள். சிபிஎல் வாங்கிய பிறகு வேலை கிடைக்காமல் ஒரு வருடம் காத்திருந்தால் வட்டி மட்டும் 8,80,000 ரூபாய் ஏறி நிற்கும். இவ்வளவு பெரிய கடனுக்கு வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கும். தாத்தா கட்டிய வீட்டின் பத்திரம் வங்கி லாக்கருக்குப் போன பிறகுதான் பல குடும்பங்கள் இந்தக் கணக்கையே போடுகின்றன. முன்பே போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எஸ்சி சமூகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான படிப்புப் பட்டியலில் சிபிஎல்லும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டுவதற்கு முன் ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்துதான் என் முதல் அளவுகோல் வருகிறது. கடன் இருக்கும்வரை, அதிகபட்சமாக எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதைப் பார்க்காதீர்கள். குறைந்தபட்சம் எவ்வளவு கட்டாயம் வரும் என்பதைப் பாருங்கள். விமானிகளின் சம்பளத்தில் ஒரு பகுதி நிரந்தரம், மறு பகுதி பறந்த மணி நேரத்துக்கு. "இத்தனை மணி நேரத்துக்கான பணம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் உண்டு" என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் இருக்கும். 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமான நிறுவனத்தில் நடந்தது இதைச் சுற்றித்தான். ஏர் இந்தியாவோடு இணைவதற்கான புதிய ஒப்பந்தத்தில் 70 மணி நேர உத்தரவாதம் 40 மணி நேரமாகக் குறைந்தது. விமானிகள் கொதித்தார்கள், விமானங்கள் ரத்தாயின. வெளியே இருந்து பார்த்தவர்கள் "லட்சக்கணக்கில் வாங்கியும் போதவில்லையா?" என்று கேட்டார்கள். தவணை கட்டும் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு அந்த 30 மணி நேரம் வீட்டு அடுப்பு.

இண்டிகோ

உள்நாட்டில் பறக்கும் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இதில்தான் போகிறார்கள். சென்னை இதற்குப் பெரிய பேஸ், அதாவது விமானிகளின் டியூட்டி தொடங்கி முடியும் ஊர். நமக்கு இதைவிடப் பெரிய சாதகம் இல்லை. மீனம்பாக்கத்தில் கிளம்பி மீனம்பாக்கத்திலேயே முடியும் டியூட்டிகள் நிறைய உண்டு. விமானங்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால் 1,500 மணி நேரம் முடித்து, ஏடிபிஎல் என்ற அடுத்த கட்ட உரிமம் வாங்கி, கமாண்டுக்கு (கேப்டன் பொறுப்புக்கு) போகும் வரிசையும் நகரும். 2023 ஜூனில் ஒரே ஆர்டரில் 500 விமானம் கேட்ட நிறுவனம் இது.

இதன் மறுபக்கம் ரோஸ்டர். ஒரு நாளில் நான்கு செக்டர் (ஏறி இறங்கும் பயணம்), விடியற்காலைத் தொடக்கம், அடுத்தடுத்த நாட்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விமானிகளின் ஓய்வுக்காக டிஜிசிஏ கொண்டுவந்த புதிய விதிகள் ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது 12 மணி முதல் 6 மணி வரை என்று நீண்டது. இரவில் ஆறு முறை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. அதற்கேற்ற விமானிகள் இல்லாமல் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல். பிறகு அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விதித்தளர்வு கொடுக்கப்பட்டது.

பயணிகள் பட்ட பாடு உண்மை. ஆனால் வேலை தேடும் விமானிக்கு அதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. ஓய்வு விதி எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். ஒரு விமானத்துக்கு எத்தனை ஜோடி விமானிகளை வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஆள் குறைவான இடத்தில் சட்டம் சொல்லும் உச்ச வரம்பே தினசரி வழக்கமாகிவிடும். நேர்காணலில் இதைக் கேட்க முடியாது. உள்ளே இருப்பவர்களிடம் கடந்த மூன்று மாத ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள், அது போதும்.

ஏர் இந்தியா குழுமம்

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் திரும்பியது. 2024 அக்டோபரில் ஏஐஎக்ஸ் கனெக்ட் (முன்பு ஏர்ஏசியா இந்தியா) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்தது, நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. இணைந்த நிறுவனங்களின் விமானிகளை ஒரே சீனியாரிட்டி வரிசையில் நிறுத்துவது சுலபமான வேலையல்ல. இதில் சேர நினைக்கும் புதியவர் வரிசையில் தன் இடம் எங்கே வரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய விமானம் ஓட்ட வேண்டும், லண்டனும் நியூயார்க்கும் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இந்தியாவில் முதல் இடம் இதுதான். போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 எல்லாம் இங்கே உண்டு. ஒரு நீண்ட பயணம் போய் வந்தால் தொடர்ச்சியாகச் சில நாள் ஓய்வு. நாளைக்கு நான்கு முறை தரையிறங்கும் அலைச்சல் கிடையாது. ஆனால் அந்த விமானங்கள் பெரும்பாலும் டெல்லியிலும் மும்பையிலும் இருந்து கிளம்புபவை. திருவொற்றியூர்க்காரர் டெல்லியில் வாடகை வீடு எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊழியர் டிக்கெட்டில், இடம் இருந்தால் ஏறலாம் என்ற நிலையில் வந்துபோக வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த இடம் இருக்காது. கூடவே உடம்புக் கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. நேர மண்டலம் மாறி மாறிப் பறப்பவர்களின் தூக்கம் நாற்பது வயதுக்கு மேல் என்னவாகிறது என்பதை அவர்கள் வீட்டில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வேறு ரகம். வளைகுடாவுக்கு இரவில் போய் இரவோடே திரும்பும் டியூட்டிகள் இதன் அடையாளம். வெளியூரில் தங்க வேண்டியதில்லை. விடிந்ததும் வீடு, பகலில் தூக்கம். கேரள நகரங்களும் மங்களூரும் இதன் பழைய கோட்டைகள். எந்த ஊர் பேஸ் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

சின்ன நிறுவனம், சீக்கிரக் கமாண்ட்

ஆகாசா 2022 ஆகஸ்ட் 7-ல் பறக்கத் தொடங்கியது. போயிங் 737 மேக்ஸ் மட்டும்தான். வளரும் நிறுவனத்தில் சேர்ந்தால் சீக்கிரம் கேப்டனாகலாம் என்பது உண்மை. வளர்ச்சி நின்றால் வரிசையும் நிற்கும் என்பதும் உண்மை. 2023-ல் நோட்டீஸ் காலம் முடிக்காமல் 43 விமானிகள் வெளியேறியதால் அந்த நிறுவனம் பாம்பே உயர் நீதிமன்றம் வரை போனது. 2017 முதல் டிஜிசிஏ விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் ஒரு வருடம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம். மற்றத் தொழில்களில் இவ்வளவு நீண்ட கயிறு அபூர்வம். கோபத்தில் ராஜினாமா எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நிறுவனம் பிழைத்திருக்குமா என்ற கேள்வியை நம் ஊர்க்காரர்கள் கேட்கவே தயங்குகிறார்கள், அபசகுனம் என்பதுபோல. கேட்க வேண்டும். சென்னையை மையமாக வைத்து எம்ப்ரேயர் விமானங்களை ஓட்டிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010-ல் நின்றது. கிங்ஃபிஷர் 2012-ல், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நாளில் வேலை தேடி வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையின் கடைசியில் நிற்பது 200 மணி நேர சிபிஎல் பிள்ளை. அனுபவசாலிகள் வரிசையில் இருக்கும்போது புதியவரை யார் எடுப்பார்கள்? அதனால் மற்ற நிறுவனங்களின் நிதிநிலைச் செய்திகளையும் படியுங்கள்.

ஏடிஆர்: யாரும் ஆசைப்படாத நல்ல வேலை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது நான் வாழ்ந்த வாழ்க்கை. சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் என்று இறக்கைக்குக் கீழே காற்றாடி சுழலும் ஏடிஆர் 72 பறக்கிறது. இண்டிகோவிடம் இருக்கிறது, அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் ஏரிடமும் இருக்கிறது. படிக்கும்போது யாரும் ஏடிஆர் வேண்டும் என்று சொல்வதில்லை. எல்லோருக்கும் ஏர்பஸ் வேண்டும்.

ஏடிஆரில் ஒரு நாளில் நான்கு, ஆறு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். மேகத்துக்கு மேலே போய்ச் சொகுசாக உட்கார முடியாது. ஜெட் விமானங்கள் 35,000 அடியில் போகும்போது நாம் 20,000 அடிக்குக் கீழே, மேகத்தின் வயிற்றுக்குள் போகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் அந்த வாரம் முழுவதும் உடம்பு நோகும். தூத்துக்குடி ஓடுபாதையில் குறுக்குக் காற்றில் இறங்கப் பழகியவருக்கு எந்த விமானத்தையும் கையால் ஓட்டும் தைரியம் வரும். ஏறுவதும் இறங்குவதும்தான் இந்தத் தொழிலின் கைவேலை. ஏடிஆர்க்காரருக்கு அது தினம் பல தடவை கிடைக்கிறது. நீண்ட தூர விமானத்தில் இருப்பவருக்கு மாதத்தில் சில தடவைதான், அதையும் சக விமானிகளோடு பங்கு போட வேண்டும்.

அதைவிட முக்கியம், பெரும்பாலான ராத்திரி வீடு. சிறிய ஊர்களின் விமான நிலையங்களில் இரவுச் சேவை குறைவு என்பதால் ரோஸ்டரும் பகலோடு ஒட்டி வரும். என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த வருடம் நான் ஏடிஆரில் இருந்தேன். அந்த வருடம் நான் அவர் பக்கத்தில் இருந்ததுபோல் பிறகு எந்த வருடமும் இருக்க முடியவில்லை.

குறையும் உண்டு. சம்பளம் ஜெட்டைவிடக் குறைவு. வெளிநாட்டு நிறுவனங்கள் ஜெட்டில் பறந்த மணி நேரத்தைத் தனியாகக் கேட்கும். அங்கே ஏடிஆர் அனுபவத்துக்கு முழு மதிப்புக் கிடைக்காது. வளைகுடாதான் இலக்கு என்றால் ஏடிஆரில் அதிக வருடம் தங்கக் கூடாது.

ராத்திரிச் சரக்கு

புளூ டார்ட் ஏவியேஷனின் தலைமையிடம் சென்னைதான் என்பது பலருக்குத் தெரியாது. போயிங் 757, 737 சரக்கு விமானங்கள். பயணிகள் கிடையாது, பண்டிகைக் கூட்டம் கிடையாது. கூரியர் பெட்டி விடிவதற்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்பதால் வேலை முழுக்க ராத்திரி. பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது வீடு திரும்பலாம், பள்ளி விட்டு வரும்போது விழித்திருக்கலாம். இரவுத் தூக்கம் கெடுவதைத் தாங்கும் உடம்பு உள்ள சிலருக்கு இது மிகவும் பிடித்துப்போகிறது. நிறுவனம் சிறியது, காலியிடம் அபூர்வம்.

சார்ட்டர் ஜெட் (தனி வாடகை விமானம்) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாளி கூப்பிடும்போது போக வேண்டும், அவர் கூட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல முதலாளி அமைந்தால் நல்ல வாழ்க்கை.

வளைகுடா

முதலில் ஒரு தெளிவு. 200 மணி நேர சிபிஎல்லோடு எமிரேட்ஸ், கத்தார் கதவைத் தட்ட முடியாது. பெரிய விமானத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களைத்தான் அவர்கள் எடுக்கிறார்கள். ஆகவே இது யாருக்கும் முதல் வேலையல்ல. இங்கே குறைந்தது சில வருடம் பறந்தவருக்கு மட்டுமே உள்ள தேர்வு.

அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. வீடு அல்லது வீட்டுப்படி தருகிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. ஒரு நிதியாண்டில் இந்தியாவில் தங்கும் நாட்கள் 182-ஐ எட்டாமல் பார்த்துக்கொண்டால் இங்கேயும் அந்தச் சம்பளத்துக்கு வரி வராது. பத்து வருடக் கடனை நான்கு வருடத்தில் முடித்தவர்கள் இருக்கிறார்கள். ரோஸ்டர் முன்கூட்டியே தெரியும், ஹோட்டல் நன்றாக இருக்கும், விமானம் புதிது.

கொடுக்க வேண்டிய விலை வேறு இடத்தில் இருக்கிறது. சென்னைக்கும் துபாய்க்கும் நான்கு மணி நேரம்தான். ஆனால் காசிமேட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தால், அந்த நான்கு மணி நேரத்துக்கு முன்னால் ரோஸ்டரில் விடுப்பு, டிக்கெட்டில் இடம் என்று இரண்டு கதவு திறக்க வேண்டும். அங்கே தங்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது வளைகுடா நிறுவனங்கள் விமானிகளை வேலையிலிருந்து நீக்கின. வேலை போனவர்களுக்கு வீடும் பிள்ளையின் பள்ளியும் சேர்ந்தே போயின. இங்கேயும் அந்த ஜூலையில் இண்டிகோ பத்து சதவீத ஊழியர்களைக் குறைத்தது, சம்பளங்கள் வெட்டப்பட்டன. ஆனாலும் வேலை போனவர் சொந்தத் தெருவில், சொந்த வீட்டில் இருந்தார்.

கடன் கழுத்தை நெரிக்கிறது, பெற்றோர் திடமாக இருக்கிறார்கள், தம்பியோ தங்கையோ வீட்டில் இருக்கிறார்கள் என்றால் போகலாம். எத்தனை வருடம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டும். பிள்ளைகள் அங்கே ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் திரும்புவது மிகவும் கஷ்டம்.

சீருடையில் பறப்பது

வடசென்னைப் பிள்ளைகள் இந்த வழியை ஏன் முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமான விஷயம். விமானப்படையில் பறக்கக் கற்றுக்கொள்ள ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை. மேலே போட்ட 80 லட்சக் கணக்கு இங்கே அப்படியே பூஜ்யம்.

இதற்கான நுழைவுத் தேர்வுகள், பிளஸ் டூவோடு என்டிஏ, பட்டத்தோடு சிடிஎஸ் அல்லது ஏஎஃப்கேட். ஏஎஃப்கேட் வழியே பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை. சிபிஎல் வைத்திருப்பவர்களுக்கு 26 வரை. ஷார்ட் சர்வீஸ் (குறுகிய காலப் பணி) என்றால் 14 வருடம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், ராணுவச் சேவை ஊதியம் 15,500, பறக்கும் படி 25,000, மற்ற படிகள் தனி. மேலே சொன்ன ஃபர்ஸ்ட் ஆபீசருக்குக் கடன் கட்டியது போக 66,000-க்குள்தான் மிஞ்சியது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடியிருப்பு, மருத்துவம், கேன்டீன் எல்லாம் அதற்கு மேல். பெண்களுக்கும் வழி திறந்திருக்கிறது. 2016 ஜூனில் முதல் மூன்று பெண் போர் விமானிகள் பணியில் சேர்ந்தார்கள். 14 வருடம் முடித்து வெளியே வரும்போது வயது நாற்பதை ஒட்டி இருக்கும். சிவில் உரிமம் எடுத்து விமான நிறுவனத்தில் சேர்ந்தால் 65 வயது வரை பறக்கலாம்.

பேஸ் என்று பார்த்தால் இது மோசம்தான். தாம்பரத்தில் பயிற்றுநர் பள்ளி உண்டு, தஞ்சாவூரிலும் சூலூரிலும் தளங்கள் உண்டு. ஆனால் லேவுக்கோ ஜோர்ஹாட்டுக்கோ போகச் சொன்னால் போக வேண்டும். உயிராபத்தும் பயணிகள் விமானத்தைவிட அதிகம், அதை மறைக்கக் கூடாது. கடலோரக் காவல்படையிலும் விமானிகள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் கடலில் இருக்கும் நம் படகுகளுக்கு மேலே தாழப் பறந்து கரைக்குத் திரும்பச் சொல்லும் டார்னியர் விமானத்தைக் காசிமேட்டில் பார்க்காதவர்கள் யார்? அதன் கிழக்கு மண்டலத் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. அந்த விமானத்தின் உள்ளே இருக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பம் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விமானப்படைத் தேர்வில் பறக்கும் திறனைச் சோதிக்கும் சிபிஎஸ்எஸ் சோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தயாராகாமல் "சும்மா போய்ப் பார்ப்போம்" என்று போகக் கூடாது.

விடியற்காலை மூன்று மணிக்கு எண்ணூர் நெடுஞ்சாலை

மேலே சொன்ன எந்த நிறுவனமாக இருந்தாலும் சென்னை பேஸ் என்றால் வேலை மீனம்பாக்கத்தில். திருவொற்றியூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு வாழ்க்கை மாறியது. தேரடி நிலையத்தில் ஏறினால் மாறாமல் விமான நிலையம் வரை போகலாம். ஆனால் 5:30 விமானத்துக்கு 4:30-க்குக் கையெழுத்துப் போட வேண்டும். மெட்ரோ ஓடத் தொடங்குவதே ஐந்து மணிக்குத்தான். அந்த நேரத்தில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காரில் வந்தால் மூன்று மணிக்குள் கிளம்ப வேண்டும், இரண்டு மணிக்கு எழ வேண்டும். அதே டியூட்டிக்குப் பல்லாவரத்தில் இருப்பவர் மூன்றரைக்கு எழுந்தால் போதும். ஒரு டியூட்டிக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் என்பது வருடக் கணக்கில் உடம்பில் தெரியும்.

அதனால் நிறுவனம் பிக்கப் கார் அனுப்புமா, எத்தனை கிலோமீட்டர் எல்லைக்குள் அனுப்பும், திருவொற்றியூர் அதற்குள் வருமா என்று கேட்பது சில்லறை விஷயமல்ல. பெண் விமானிகளுக்கு இது இன்னும் முக்கியம். அடுத்தடுத்து விடியற்காலை டியூட்டி வரும் வாரங்களில் தெற்கே ஒரு அறை எடுத்துக்கொள்ளும் நண்பர்களும் உண்டு. சம்பளத்தில் அதையும் கழித்துப் பாருங்கள். பரந்தூர் விமான நிலையம் வந்தால் தூரம் இரட்டிப்புக்கும் மேலாகும். 2025 ஏப்ரலில் அதற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் மனதில் வைக்க வேண்டும்.

நான் என்ன சொல்வேன்

பிளஸ் டூ முடித்த பிள்ளை, வீட்டில் பணம் இல்லை, உடம்பு திடம் என்றால் விமானப்படையும் கடலோரக் காவல்படையும்தான் என் முதல் பதில். அதில் கிடைக்காவிட்டால் கடன் பற்றிப் பேசலாம்.

கடன் வாங்கி சிபிஎல் முடித்துவிட்டவர் முதலில் கிடைக்கும் வேலையில் சேர வேண்டும். அந்த நிலையில் தேர்வு கிடையாது. ஆனால் கையெழுத்துப் போடும்முன் பாண்ட் (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற உறுதி) எத்தனை வருடம், உடைத்தால் எவ்வளவு, அந்தத் தொகை வருடா வருடம் குறையுமா என்று படியுங்கள். தேர்வு வருவது இரண்டாவது வேலையில். முதல் ஒப்பந்தத்தின் பாண்ட்தான் அந்த இரண்டாவது வேலையை எட்ட விடுமா விடாதா என்று முடிவு செய்யும்.

நிபந்தனை சமமாக இருந்தால் இண்டிகோவின் சென்னை பேஸ், அது ஏடிஆராக இருந்தாலும் சரி, டெல்லி பேஸில் கிடைக்கும் பெரிய விமானத்தைவிட நம் வீட்டுக்கு நல்லது. பெற்றோர் அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணம் ஆகாத, தம்பி தங்கை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஏர் இந்தியாவுக்குத் தாராளமாகப் போகலாம். நீண்ட தூர அனுபவம் பிறகு எங்கேயும் விலைபோகும். வளைகுடாவுக்குக் கேப்டனாகும் முன்பா பின்பா என்ற கேள்விக்கு, இங்கே கமாண்ட் எடுத்துவிட்டுப் போங்கள் என்பேன். திரும்பி வரும்போது கேப்டனுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

பயிற்சிப் பள்ளிக்கு முதல் தவணை கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையோடு நிறுத்தாமல் முதல் வகுப்புச் சோதனையையும் முடித்துவிடுங்கள். அதைச் செய்யும் இடங்களில் பெங்களூரில் உள்ள விமானப்படை மருத்துவ நிலையமும் ஒன்று. நிறக்குருடு, காது கேட்கும் திறன், இதயத் துடிப்பில் சிறு மாறுதல் எல்லாம் இந்தச் சோதனையில் வெளிப்படலாம். ரயிலில் போய் வரும் செலவும் சோதனைக் கட்டணமும்தான் ஆகும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் வருடா வருடம் அந்தச் சோதனை உண்டு. ஏதாவது ஒரு வருடம் தவறினால் நிறுவனம் எத்தனை மாதம் சம்பளம் தரும், உரிமம் இழப்புக் காப்பீடு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். கடன் பாக்கி அந்தக் காப்பீட்டுத் தொகையைவிட அதிகமாக இருந்தால், மீதிக்குச் சொந்தப் பணத்தில் ஒரு பாலிசி எடுத்துவிட்டுப் பறக்கத் தொடங்குங்கள்.